தொட்டால் போதாது, முக்க வேண்டும்

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியில் தொற்றுநோய்க்கென்று தனிக் கட்டடம் திறந்தார்கள். ரிட்டயர் ஆன எங்களையும் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு சால்வை போர்த்தி, ஒரு வடையும் காப்பியும் கொடுத்தார்கள். சால்வை எனக்கு எதற்கு? திருச்சி வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு அரை மணி நின்றால் எனக்கே காய்ச்சல் வந்துவிடும். வடை நன்றாக இருந்தது.

கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். உள்காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் இயந்திரம், தானாகத் திறக்கும் கதவு, கவச உடையைக் கழற்ற ஒரு தனி அறை, அதில் ஆள் உயரக் கண்ணாடி. நாங்கள் ஒன்றும் இல்லாமல் செய்ததை இவர்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு செய்யப்போகிறார்கள். நன்றாகச் செய்யட்டும். கண்ணாடிக்குப் பக்கத்தில் உடை கழற்றும் முறையை வரிசையாக அச்சடித்து மாட்டியிருந்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். மூன்றாவது வரிக்குக் கீழே மட்டும் தமிழில் ஒரு வரி: 'தொட்டால் போதாது, முக்க வேண்டும்.'

"இது மட்டும் ஏன் மேடம் தமிழ்ல இருக்கு? யாரு எழுதுனது?" என்று ஒரு நர்ஸ் பெண் கேட்டாள்.

"டாக்டர் சலீம் எழுதினார்" என்றேன். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதியை அந்த இடத்தில், சால்வையும் கையுமாக நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலிருந்து நர்ஸ் வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். அப்பா சீக்கிரம் போய்விட்டார். படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் அரசாங்கமே பொறுப்பு என்றதும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்பிவிட்டாள். "ஐயங்கார் ஆத்துப் பொண்ணு பெட்பேன் தூக்கறதா?" என்று கேட்காத வாய் கிடையாது. தூக்கினேன். மூன்று வருஷம் படிப்பு, அப்புறம் பிரசவ வார்டு, தீக்காய வார்டு, காய்ச்சல் வார்டு. இதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதலாம், யார் படிப்பது?

கல்யாணம் ஆனபோது என் மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வேலைக்குப் போகலாம். ஆனால் திரும்பி வந்தால் கொல்லைப்புற வழியாக வந்து, கிணற்றடியில் குளித்து, மாற்றுப் புடவை கட்டிக்கொண்டுதான் உள்ளே கால் வைக்க வேண்டும். மழையோ மார்கழியோ, முப்பது வருஷம் அப்படித்தான். என் தலைமுடி காய்ந்த நாளே கிடையாது. அவரை நானும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவேன். கெட்டவர் இல்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது பதினாறு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவர். ஆனால் சட்டம் சட்டம்தான்.

சமையல்கட்டில் இன்னொரு சட்டம் உண்டு. அதற்குப் பெயர் 'பத்து'. எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சோறு பட்ட பாத்திரம் பத்து, சோற்றைத் தொட்ட கையும் பத்து. அந்தக் கையோடு தயிரையோ நெய்யையோ ஊறுகாய் ஜாடியையோ தொட்டுவிட்டால் தொலைந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். அதில் விரலைத் தொட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். புதுப் பெண்ணாக இருந்தபோது ஒரு நாளைக்கு நாலு தடவையாவது "பத்துக் கை, பத்துக் கை!" என்று அம்மாவின் குரல் கேட்கும். ஒரு வருஷத்தில் என் கைக்கே தனியாக ஒரு புத்தி வந்துவிட்டது. எந்த விரல் எதைத் தொட்டது என்பதை நான் நினைக்காமலே கை நினைவு வைத்துக்கொள்ளும்.

இனி பூங்கொடிக்கு வருகிறேன்.

கொரோனா வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது இது. நான் அப்போது காய்ச்சல் வார்டின் தலைமை நர்ஸ். பூங்கொடி பச்சைமலையில் கிராம சுகாதார நர்ஸ். மலையிலேயே பிறந்து, அங்கேயே வேலை பார்த்தவள். முப்பத்து நாலு வயது, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை. அவள் பகுதியில் ஒரு மாட்டு வியாபாரி, வெளி மாநிலத்துச் சந்தையிலிருந்து மாடு ஓட்டி வந்தவர், காய்ச்சலில் விழுந்து வாயாலும் மூக்காலும் ரத்தம் கக்கினார். அவரை ஜீப்பில் ஏற்றி மலையிறக்கியபோது அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் பூங்கொடி. வழியிலேயே அவர் இறந்துவிட்டார். ஆறாம் நாள் இவளுக்குக் காய்ச்சல்.

டெங்கு என்று முதலில் நினைத்தார்கள். டெங்கு இல்லை. ரத்தத் தட்டணுக்கள் மளமளவென்று இறங்கின, ஈறில் ரத்தம். உப்பிலியபுரத்திலிருந்து 108 ஆம்புலன்ஸில் ஏற்றி எங்களிடம் அனுப்பினார்கள். வண்டி மண்ணச்சநல்லூர் வருவதற்குள் எங்கள் வார்டுக்கு ஒரு போன் வந்தது. பேசியது டாக்டர் இல்லை, டிரைவர் இல்லை. நோயாளியே பேசினாள்.

"சிஸ்டர், நான் பச்சைமலை வி.எச்.என். பேசுறேங்க. எனக்கு ரத்தக்கசிவுக் காய்ச்சல் மாதிரி இருக்குங்க. என்னை கேஷுவல்டி வழியா கொண்டுபோக வேண்டாம்னு சொல்லிடுங்க. அங்க கூட்டமா இருக்கும். பின்வாசல் ஏதாவது இருக்கா?"

முப்பது வருஷ வேலையில் இப்படி ஒரு போன் எனக்கு வந்ததில்லை. மூச்சு வாங்க வாங்கப் பேசுகிறாள், தனக்கு என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓடிப்போய் டாக்டர் சலீமிடம் சொன்னேன்.

டாக்டர் சலீம் பாலக்கரைக்காரர். எங்கள் யூனிட் தலைவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எதைச் சொன்னாலும் "அம்மா, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க" என்பார். திருப்பிச் சொன்னால்தான் அடுத்தது. புதிதாக வந்த டாக்டர்கள் முதல் வாரம் முகத்தைச் சுளிப்பார்கள், இரண்டாம் வாரம் அவர்களே திருப்பிச் சொல்ல ஆரம்பிப்பார்கள். தப்பு நடந்தால் திட்டமாட்டார். "அதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க?" என்று கேட்பார். சொன்னதும், "அதுக்கு முன்னாடி?" என்பார். இப்படியே பின்னால் பின்னால் போய், தப்பு எங்கே முளைத்தது என்பதை நாமே கண்டுபிடித்துத் தலை குனிகிறவரை விடமாட்டார். இதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அவர் யோசித்தது இரண்டே நிமிஷம். ஆஸ்பத்திரிக் கோடியில் பூட்டிக் கிடந்த பழைய டி.பி. வார்டைத் திறக்கச் சொன்னார். "ஏசி ரூம் வேண்டாம்மா. ரெண்டு பக்கமும் ஜன்னல் இருக்கிற இடம் வேணும்." பின்வாசல் வழியாக ஆம்புலன்ஸ் நேராக அங்கேயே வந்தது. பூங்கொடியின் கண் இரண்டும் சிவந்திருந்தன. கையில் ஊசி போட்ட இடமெல்லாம் கருநீலம். முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். நான் ஸ்ட்ரெச்சரைப் பிடிக்கப் போனதும் கையைக் காட்டித் தடுத்தாள்.

"க்ளவுஸ் ஒண்ணா போட்டிருக்கீங்க? ரெண்டு போட்டுட்டு வாங்க சிஸ்டர். நான் காத்திருக்கேன்."

அவளுடைய ரத்தம் பூனாவில் இருக்கும் பரிசோதனைக்கூடத்துக்குப் போனது. மூன்றாம் நாள் முடிவு வந்தது. உண்ணியால் ஆடுமாடுகளுக்கு வந்து, அவற்றின் ரத்தத்திலிருந்து மனிதர்களுக்குத் தாவும் காங்கோ காய்ச்சல். நோயாளியின் ரத்தம் பட்டால் அடுத்தவருக்கும் வரும். அடுத்தவர் என்றால் பெரும்பாலும் பார்த்துக்கொள்கிற நர்ஸ்தான்.

முடிவு வருவதற்கு முன்பே டாக்டர் எங்களைத் தயார் செய்துவிட்டார். வார்டுக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார். முழுக் கவச உடையைப் போட வைத்தார். "யார்கிட்டயாவது குங்குமம் இருக்கா?" என்று கேட்டார். ஸ்ரீரங்கத்துக்காரியிடம் குங்குமம் இல்லாமலா? என் கைப்பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தேன். அதைத் தண்ணீரில் குழைத்து எல்லோர் க்ளவுஸிலும் பூசினார். "இதுதான் ரத்தம். இப்பக் கழட்டுங்க."

கழற்றினோம். ஒருத்திக்குக் கழுத்தில் குங்குமம். ஒருத்திக்குக் காது மடலில். இன்னொருவருக்கு நெற்றி நடுவில். "அம்மன் மாதிரி இருக்கீங்க" என்று டாக்டரே சிரித்துவிட்டார். என்மேல் மட்டும் ஒரு பொட்டுகூட இல்லை.

"எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"எங்க மாமியார்கிட்ட டாக்டர்."

பத்துச் சட்டத்தை விளக்கினேன். ரொம்ப உற்றுக் கேட்டார். "மாஷா அல்லாஹ். இதைவிட நல்லா யாரும் சொல்லித்தர முடியாதும்மா" என்றார். அன்றிலிருந்து அந்த வார்டில் ரத்தம் பட்ட கைக்கு 'பத்துக் கை' என்று பெயர் வந்துவிட்டது. கிறிஸ்தவப் பெண்கள், துப்புரவுப் பணியாளர்கள், கேரளத்துப் பயிற்சி டாக்டர் எல்லோரும் "பத்து, பத்து!" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா சமையல்கட்டில் குட்டிக் குட்டிக் கற்பித்தது ஆஸ்பத்திரியில் பாடமாகிவிட்டதே என்று பூரித்துப்போனேன்.

கழற்றும் முறையை ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் டாக்டர் எழுதிக் கதவில் ஒட்டினார். ஒன்று, ஏப்ரனை முன்பக்கமாகச் சுருட்டிக் கழற்றுவது. இரண்டு, வெளிக் க்ளவுஸை உள்பக்கம் வெளியே வருமாறு உரிப்பது. மூன்று, உள் க்ளவுஸ் போட்ட கையை மணிக்கட்டுவரை பிளீச்சிங் கரைசலில் வைத்து முப்பது எண்ணுவது. நாலு, குனிந்து, கண்ணைச் சுற்றிய கவசத்தைப் பின்பக்கப் பட்டையைப் பிடித்து எடுப்பது. இப்படிப் பன்னிரண்டு. இதைக் கதவருகில் ஒருவர் நின்று உரக்கப் படிக்க வேண்டும். படிப்பவர் சொல்லாமல் எதுவும் செய்யக்கூடாது, அவர் "நில்லுங்க" என்றால் நின்றுவிட வேண்டும். "நானா இருந்தாலும் சரி" என்றார் டாக்டர். படிக்கும் வேலையை எங்களில் சின்னவளான ஜெனிஃபருக்குக் கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது அவளுக்கு.

முதல் நாளே ஜெனிஃபர் என்னை இரண்டு தடவை நிறுத்தினாள். ஒரு தடவை ஏப்ரன் முடிச்சுக்கு, ஒரு தடவை முழங்கை கதவில் உரசியதற்கு. இரண்டாவது தடவை எனக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, நீ பொறக்கறதுக்கு முன்னாடி க்ளவுஸ் மாட்டினவ நான். என்னையே நிறுத்தறியா?" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

பூங்கொடியின் நிலைமை நாளுக்கு நாள் மோசமானது. அந்த நோய்க்கு நேரான மருந்து என்று பெரிதாக எதுவும் இல்லை. வைரஸுக்கான கேப்ஸ்யூலை வேளாவேளைக்குக் கை நிறைய விழுங்க வைப்போம், பாதி வாந்தியில் வந்துவிடும். மற்றபடி இழந்ததைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தட்டணு, பிளாஸ்மா, ரத்தம், பை பையாக. சதையில் ஊசி போடக்கூடாது. போட்டால் அந்த இடமே ஊற்றாகிவிடும். ரத்தம் எடுத்த இடத்தைக் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும், ஒன்பதில் விட்டால் மறுபடி கசியும். சிறுநீரை மணிக்கணக்கில் அளக்க வேண்டும்.

இதிலெல்லாம் எங்களுக்கு ஒத்தாசையாக இருந்தது நோயாளிதான். "சிஸ்டர், இப்பப் போனது கறுப்பு இல்ல, புதுச் சிவப்பு. எழுதிக்கோங்க" என்பாள். படுக்கையைத் துடைக்கப் போனால், "துணியைக் குடுத்துட்டுத் தள்ளி நில்லுங்க, நானே துடைச்சுக்கிறேன்" என்பாள். கையைத் தூக்கவே தெம்பில்லை, துடைக்கிறாளாம்! ஒரு நாள் கடிந்துகொண்டேன். அப்போது சொன்னாள்:

"சிஸ்டர், அந்த ஆளுகிட்டேருந்து எனக்கு வந்துச்சு. அது என் நேரம். எங்கிட்டேருந்து இன்னொருத்தருக்குப் போயிடுச்சுன்னா நான் பொழைச்சும் பிரயோஜனம் இல்லைங்க. எம் பொண்ணு முகத்தைப் பார்க்க முடியாது. என்னோட இது நிக்கணும்."

அவள் கேட்டது அது ஒன்றுதான். உயிரைக்கூட இரண்டாவதாகத்தான் கேட்டாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் மூக்கில் ரத்தம் உடைத்துக்கொண்டது. டாக்டர் மருந்தில் நனைத்த துணிப்பட்டையை மூக்கினுள் அடுக்கடுக்காகச் செருக, நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டரை மணி நேரம். கவச உடைக்குள் வியர்வை பூட்ஸ் வரை ஓடியது. ஒருவழியாக நின்றது. டாக்டர் இருந்து பார்ப்பதாகச் சொல்லி என்னை வெளியே அனுப்பினார்.

கதவருகே ஜெனிஃபர் படித்தாள். ஒன்று. இரண்டு. "மூணு, கையை முக்குங்க. முப்பது எண்ணுங்க."

நான் விரல் நுனியைக் கரைசலில் தொட்டேன். ஒரு உதறு உதறினேன். எடுத்துவிட்டேன்.

சோற்றுக் கையைத் தண்ணீரில் தொட்டுவிட்டுத் தயிரை எடுப்பேனே, அதே மாதிரி. எங்கள் வீட்டில் அது போதும். பத்து போய்விடும். என் கைக்குத் தனிப் புத்தி இருக்கிறது என்று பெருமைப்பட்டேன் இல்லையா, அந்தப் புத்தி அதன் வேலையைச் செய்தது.

ஜெனிஃபர் படிப்பதை நிறுத்தினாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். களைப்பில் எரிச்சலாகத்தான் பார்த்திருப்பேன். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "நாலு" என்றாள்.

பட்டையைப் பிடித்து இழுத்தேன். வியர்வையில் வழுக்கியது. விரல் இடது கண்ணோரத்தில் பட்டது. கையைக் கீழே கொண்டுவந்து பார்த்தேன். க்ளவுஸின் மணிக்கட்டுப் பக்கம் சிவப்பு.

கண்ணை எவ்வளவு கழுவினேன் என்று எனக்கே தெரியாது. டாக்டர் வெளியே வந்ததும் எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வழக்கம்போல, "அதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க?" சொன்னேன். "அதுக்கு முன்னாடி?" சொன்னேன். கரைசலுக்கு வந்தோம்.

"தொட்டீங்களா, முக்கினீங்களாம்மா?"

"தொட்டேன்."

"வீட்டுல பத்து போறதுக்கு எவ்வளவு தண்ணி வேணும்?"

"ஒரு சொட்டு போதும் டாக்டர்."

"என் மேலயும் தப்பு இருக்கும்மா. பாதியைக் கேட்டுட்டு முழுசையும் மெச்சிட்டேன்" என்றார். ஜெனிஃபரிடம் திரும்பி, "நீங்க பார்த்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

"பார்த்தேன் சார்." அவள் அழுதுகொண்டிருந்தாள். "சொல்லணும்னுதான் வாயைத் தொறந்தேன். சிஸ்டர் பெரியவங்க..."

"பார்த்துட்டு நின்னியா?" என்று நான் கத்திவிட்டேன். "கண்ணு முன்னாடி நடக்கறதைப் பார்த்துண்டு மரம் மாதிரி நின்னியா? உன்னை எதுக்கு அங்க நிக்க வச்சிருக்கு?" பயத்தில் கத்தினேன். அவள் தப்பைவிட என் தப்பு பெரிது என்று தெரிந்தேதான் கத்தினேன்.

டாக்டர் எழுந்துபோய் அந்தக் காலண்டர் தாளில் மூன்றாவது வரியின் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்தார்.

என்னைப் பதினாலு நாள் தனிமையில் வைத்தார்கள், பூங்கொடிக்கு அடுத்த அறையில். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, மேல் பாதி கண்ணாடி. என் வீட்டுக்காரர் தினமும் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார். உள்ளே வந்த பாத்திரம் வெளியே போகாது என்றதும் அம்மாவுக்கு ஒரே கவலை. "எவர்சில்வர் தூக்கு திரும்பி வராதாமே?" என்று கேட்டனுப்பினார். அப்புறம் வாழையிலையில் பொட்டலம் கட்டி அனுப்ப ஆரம்பித்தார். அடுத்த அறையில் ஒரு பெண் இருக்கிறாள் என்று தெரிந்ததும் மறுநாளிலிருந்து இரண்டு பொட்டலம் வந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

முதல் நாள் கண்ணாடி வழியாக என்னைச் சாதாரணப் புடவையில் பார்த்த பூங்கொடிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாத்திரை வேண்டாம், கஞ்சி வேண்டாம். சாயங்காலம்வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு தடுப்பைத் தட்டினேன்.

"ஏய் பூங்கொடி, இப்ப மாத்திரையை முழுங்கலைன்னா பலகையை உடைச்சுண்டு வந்துடுவேன்."

"என்னாலதானே சிஸ்டர்?" அழுகிற குரல்.

"உன்னால இல்லடி. எங்க மாமியார் தயிர்ச்சாதத்தால."

பத்து, தண்ணீர்க் கிண்ணம், ஒரு சொட்டு, டாக்டர் எழுதிய வரி, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஈறு வெடித்து ரத்தம் வந்தது. சிரித்துக்கொண்டே துடைத்தாள். மாத்திரையை விழுங்கினாள்.

மறுநாளிலிருந்து அவள் நர்ஸ், நான் நோயாளி. காலையில் கண் விழித்ததும் கண்ணாடியைத் தட்டுவாள். "சிஸ்டர், டெம்பரேச்சர் எவ்வளவு?" அவள் தலைமாட்டில் ஒரு தாள் வைத்து எழுதிக்கொள்வாள். "ஈறைக் காட்டுங்க. கையைத் தூக்குங்க, புள்ளி ஏதாவது இருக்கா?" அவளுடைய தட்டணுக்கள் ஏற ஆரம்பித்தன. அதைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

எட்டாம் நாள் எனக்கு உடம்பு கனத்தது. தெர்மாமீட்டரில் தொண்ணூற்று ஒன்பதரை. அவளிடம் மறைக்கப் பார்த்தேன். "பொய் சொல்லாதீங்க, மறுபடி வச்சுக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். அன்று முழுக்க அவள் படுக்கவில்லை. உட்காரத் தெம்பில்லாத உடம்போடு, கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். எனக்குச் செத்துப்போகப் பயமாக இருந்தது. அதைவிட, இவள் மனசில் இந்தப் பழியை வைத்துவிட்டுப் போகிறோமே என்று இருந்தது. ரங்கநாதா, இவளுக்காகவாவது என்னை விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை தொண்ணூற்று எட்டு. வெறும் சளி. ஃபேனுக்கு நேர் கீழே படுத்தது. பூங்கொடி அந்தத் தாளில் எண்ணை எழுதிவிட்டு, போர்வையை முகத்தின்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

பதினாலாம் நாள் என்னை வெளியே விட்டார்கள். அவளுக்கு இரண்டு நாள் முன்பே அனுமதி கிடைத்துவிட்டது. "சிஸ்டர் வெளிய வர்ற அன்னிக்குத்தான் நானும்" என்று பிடிவாதமாக இருந்துவிட்டாள். அவளுடைய ரத்தத்தில் இப்போது வைரஸ் இல்லை. தொட்டால் ஒன்றும் வராது. டாக்டர் அதைக் காகிதத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அவள் கணவர் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மூன்று மணிக்கு வந்து நிற்பதாக ஏற்பாடு. அதுவரை எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று கூட்டிப்போனேன்.

அம்மா தன் கையாலேயே பரிமாறினார். எண்பது வயதில் குனிந்து குனிந்து. "நன்னா சாப்பிடும்மா, ரத்தமெல்லாம் போயிருக்கே. இன்னும் கொஞ்சம் நெய் விட்டுக்கோ." பூங்கொடி கூச்சத்தோடு சாப்பிட்டாள். அம்மாவை நமஸ்கரித்தாள். "தீர்க்காயுசா இரு" என்று வாயார வாழ்த்தினார். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

பூங்கொடி படியிறங்கிப் போனாள். நான் அவளைப் பஸ் ஏற்றிவிடச் செருப்பை மாட்டிக்கொள்ளப் போனேன். திரும்பிப் பார்த்தால், அம்மா கையில் செம்பு. சாப்பிட்ட இடத்தைத் துடைப்பது எல்லோருக்கும் உண்டு. அதை ஏற்கெனவே துடைத்தாகிவிட்டது. அம்மா இப்போது தண்ணீர் தெளித்தது அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில். அவள் பிடித்துக்கொண்டு நின்ற நிலைக்கதவில். அவள் நமஸ்கரித்த இடத்தில். விரலைச் செம்பில் தொட்டுத் தொட்டு.

காய்ச்சலுக்குப் பயந்தா, மலைக்காரி என்றா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்கவும் இல்லை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாசலில் பூங்கொடி நின்றிருந்தாள். டாக்டர் கொடுத்த காகிதத்தை மறந்துபோய் எடுக்க வந்திருக்கிறாள். அம்மாவைப் பார்த்தாள். செம்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. வார்டில், "இது கறுப்பு இல்ல, புதுச் சிவப்பு" என்று சொல்லும்போது இருக்குமே, அதே முகம்.

"அம்மா, தெளிச்சாப் போதாதுங்க. முக்கணும்."

ஜன்னல் திட்டில் இருந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"என்னடி சொல்லிட்டுப் போறா?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

செருப்பை மாட்டாமலே தெருவில் ஓடினேன். ஒண்ணாம் நம்பர் பஸ் வருவதற்குள் அவளைப் பிடித்துவிட்டேன். அவள் கையைப் பற்றினேன். இத்தனை நாளில் க்ளவுஸ் இல்லாமல் அவளை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. சூடான, காய்த்துப்போன கை.

"பார்த்துட்டு நின்னேன் பூங்கொடி. ஒரு வார்த்தை சொல்லலை."

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "இதுக்குத்தானே சிஸ்டர் அந்த ஜெனிஃபர் பொண்ணைப் போட்டு அந்தக் கத்து கத்தினீங்க? உள்ள படுத்திருந்த எனக்குக் கேட்டுச்சு. போய் அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

பஸ் வந்தது. ஏறிப்போய்விட்டாள். மலைக்குத் திரும்பி வேலையில் சேர்ந்தாள். இப்போதும் வருஷத்துக்கு ஒரு தடவை போன் செய்து, எடுத்த எடுப்பில் "டெம்பரேச்சர் எவ்வளவு சிஸ்டர்?" என்று கேட்பாள். அவளிடமிருந்து அந்தக் காய்ச்சல் ஒருவருக்கும் போகவில்லை. என் வீட்டுக்கு அவள் மறுபடி வரவும் இல்லை.

மறுநாள் டூட்டியில் சேர்ந்ததும் முதல் வேலையாக ஜெனிஃபரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "இனிமே நான் தப்பு பண்ணினா ஊருக்கே கேக்கற மாதிரி கத்து" என்றேன். ரிட்டயர் ஆகும்வரை அவள் என்னை ஏழு தடவை நிறுத்தினாள். ஏழு தடவையும் நின்றேன்.

அதற்கப்புறம் அம்மா ஆறு வருஷம் இருந்தார். யார் யாரோ வீட்டுக்கு வந்தார்கள், போனார்கள். செம்பு வெளியே வந்தது, உள்ளே போனது. நான் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை.